வன்னியின் பங்காளி

தமிழ்நாட்டில் புல்டோசர் வைத்துப் பிடுங்கி எறிகிற ஒரு முட்செடிக்கு, மலாக்கா மாநிலத்துச் செலண்டாரில், என் வீட்டு வாசலில், நான் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துக் கும்பிட்டேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல். வந்த விருந்தாளிகளையும் கும்பிட வைத்தேன். அவர்களில் ஒருவர் தமிழாசிரியர். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கும்பிட்டார் என்பதில் எனக்குச் சிறிய ஆறுதல் உண்டு.

படித்தவன் என்று எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், எனக்கொரு பெயர். காரணம், குடிவந்த அன்று லாரியிலிருந்து இறங்கியதில் பாதிக்கு மேல் புத்தகப் பெட்டிகள். தூக்கியவர்கள் திட்டியது தெருமுனை வரை கேட்டது. அன்றிலிருந்து யாருக்குத் தண்ணீர் பில் புரியவில்லை என்றாலும், யார் வீட்டுப் பூனைக்குச் சொறி பிடித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் தெரியாது என்று சொன்னதில்லை. அலோர் காஜாவில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா வேலை எனக்கு. தெரியாது என்று சொல்லாமல் இருப்பதற்குத்தான் அங்கே சம்பளமே.

செடி வந்த கதை இது. நானும் மனைவியும் தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றுலா போயிருந்தோம். தென்கோடியில் ஒரு பழைய சிவன் கோயில். அதன் குளத்தில் தண்ணீர் இல்லை. கரையிலும் நடுவிலும் படிக்கட்டு இடுக்கிலும் ஒரே வகை முள்மரம் அடர்ந்து நின்றது. சின்னச் சின்ன இலைகள், இறகு மாதிரி. நீண்ட முட்கள். வன்னி மரத்தின் இலை சிறியது, முள் உண்டு, வறண்ட மண்ணில் வளரும், சிவன் கோயிலில் இருக்கும் என்று நான் பல இடங்களில் படித்திருந்தேன். நாலும் பொருந்தியது. கோயிலை ஒட்டி நிற்பதால் தல விருட்சம் என்றும் முடிவு செய்தேன். குளம் நிறையத் தல விருட்சம் உள்ள கோயிலை அதற்கு முன் நான் கண்டதில்லை. அது ஏன் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, பரவசப்பட்டேன். கீழே கிடந்த மஞ்சள் காய்களில் சிலவற்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். விமான நிலையத்தில் யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாட்டுக்கு நல்லது.

எங்கள் ஆட்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்புதான் என்று பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் வளர்ந்தது எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைக்கு நடுவில். இங்கே நிலம் காய்வது என்றால் மத்தியானம் மழை பெய்யாமல் சாயங்காலம் பெய்வது. பாலைத் திணையைப் பாட்டில் மட்டும் பார்த்த பரம்பரை. தமிழ்நாட்டில் ஆடு மேய்க்கிற யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக்கூடிய செடியை, நாங்கள் ராசிபலன் பக்கத்தில் தேடுவோம். அங்கே வன்னி சனீஸ்வரனுக்கு உகந்தது என்று போட்டிருக்கும். முள் எந்தப் பக்கம் இருக்கும் என்று போட்டிருக்காது.

காய்க்குள் இருந்த விதை கல் மாதிரி இருந்தது. வெந்நீரில் ஊறப் போட்டு ஒரு தொட்டியில் விதைத்தேன். ஒன்று முளைத்தது. வன்னி மிக மெதுவாக வளரும், முதல் சில வருஷம் மேலே ஒன்றுமே தெரியாது, வேர் மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கும் என்று புத்தகம் சொன்னது. என்னுடையது மாதத்துக்கு ஒரு சாண் ஏறியது. அடியிலிருந்தே மூன்று நான்கு தண்டுகள் கிளம்பின. தண்டு நேராகப் போகாமல் கணுவுக்குக் கணு இப்படியும் அப்படியுமாக ஒடிந்து ஒடிந்து ஏறியது. இவ்வளவையும் பார்த்த ஒரு புத்திசாலி, புத்தகத்தில் இருப்பது வேறு செடி என்று புரிந்துகொண்டிருப்பான். நான் என் கைராசி என்று புரிந்துகொண்டேன்.

“மெதுவா வளர்ற செடியே என் கிட்ட இப்படி வளருது பாத்தியா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“பாத்தேன். துணி காயப் போடற கம்பியப் புடிச்சிருச்சு. என் பத்திக் சட்டைய கிழிச்சதும் உங்க கைராசிதான்,” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு அக்கா செடியைப் பற்றிக் கேட்டு வந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். தோட்டத்தில் பிறந்து, பாத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், ஆசிரியை. அவளைச் சரவாக்கில், ஆற்றில் படகு பிடித்துப் போகிற ஓர் உட்பகுதிப் பள்ளிக்குப் போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் மாற்றல் கேட்பாள், வருஷா வருஷம் இல்லை என்று வரும். அங்கே போன் லைன் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும். மழை நாளில் மேடு வழுக்கும். போன் வராத நாட்களில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“தம்பி, உங்க வீட்டுல இருக்கறது வன்னியாமே?” என்று கேட்டார்.

“வன்னியேதான்க்கா.”

“சாமி பாக்கறவரு சொன்னாரு, என் மக ஜாதகம் சனி புடிச்ச ஜாதகமாம். சனிக்கிழம சனிக்கிழம வன்னிய சுத்தி வந்து எள்ளு வெளக்கு போட்டா மாத்தல் கெடைக்குமாம். நான் எங்க லா போவேன் வன்னிக்கு, பக்கத்துல ஒரு கோயில்லயும் இல்ல. நீங்க வச்சிருக்கீங்கன்னாங்க. இந்தத் தடவையும் இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு நானே அங்க போயிருவேன் தம்பி. ஒத்தப் புள்ள. காச்ச வந்தா கஞ்சி வச்சுக் குடுக்க ஆளில்ல.”

நான் தொட்டியை வாசல் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தினேன். சுற்றி வர வழி வேண்டுமே. நகர்த்தும்போது அடியில் ஏதோ படபடவென்று அறுந்தது. வேர் தொட்டியின் ஓட்டை வழியாக இறங்கி, சிமெண்டு விரிசலுக்குள் போயிருந்தது. சில வாரங்களில் புதிய இடத்திலும் இறங்கியது. அதற்குப் பிறகு அந்தத் தொட்டியை யாராலும் அசைக்க முடியவில்லை. கார் போர்ச்சில் செடி, தெருவில் கார் என்று ஆனது.

அக்காவுக்காக நான் சனிக்கிழமை சீக்கிரம் எழுந்து வாசலைக் கழுவிவிட ஆரம்பித்தேன். அவர் தலைக்குக் குளித்து, நல்லெண்ணெய் விளக்கோடு வருவார். சுற்றுவார். ஒருமுறை முள் அவர் காலில் ஏறியது. முள் குத்தினால் தோஷம் கழியும் என்று நானே அந்த இடத்தில் ஒரு சாஸ்திரம் உண்டாக்கிச் சொன்னேன். அவர் நொண்டிக்கொண்டே மீதிச் சுற்றை முடித்தார். பிறகு சமையலறைக்குப் போய் என் மனைவியோடு உட்காருவார். இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்கும். பிள்ளைகள் கோலாலம்பூருக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. எள்ளுச் சாதம் ஒரு டப்பா நிறைய வரும். அந்தச் சனிக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் எனக்கு நன்றியாகத்தான் இருக்கிறது. அவற்றுக்கு நான் செய்த ஒரே தகுதியான காரியம், ஒரு செடியைத் தப்பாக அடையாளம் கண்டது.

குட்டு உடைந்ததற்கும் என் பெருமையே காரணம். செடி என் உயரத்தைத் தாண்டியதும் படம் எடுத்து, தமிழ்நாட்டு நண்பர்களும் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் புலனக் குழுவில் போட்டேன். ‘செலண்டாரில் ஒரு வன்னி’ என்று தலைப்பும் கொடுத்தேன். முதலில் ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். அடுத்தவர் போட்டார். கைபேசி முழுக்கப் பொம்மை. கடைசியில் ஒருவர் மட்டும் மரியாதையாக எழுதினார்: ‘ஐயா, இது வேலிக்காத்தான். சீமைக்கருவேலம் என்றும் சொல்வோம். காய்ப்பதற்குள் பிடுங்கிவிடுங்கள்.’

நான் நம்பவில்லை. ஒரு படத்தை வைத்து எப்படிச் சொல்ல முடியும் என்று அவருக்கு நீளமாகப் பதில் எழுதினேன். ஆனால் எழுதி முடித்த கையோடு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அதுவரை புத்தகத்தில் நான் தாண்டித் தாண்டிப் போயிருந்த ஒரு வரியை இப்போது படித்தேன். வன்னியின் முள் கணுவில் இருக்காது. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவில், தண்டின்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக, குட்டையாக, கூம்பு போல இருக்கும். என் செடியில் இலை பிறக்கும் ஒவ்வொரு கணுவிலும் முள் ஜோடியாக உட்கார்ந்திருந்தது. கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுக்க நிற்கிறவர்கள் மாதிரி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தெளிவாக, நீளமாக. ஒரு வருஷமாக நான் தினமும் பார்த்த முட்கள். இரண்டு தடவை டெட்டனஸ் ஊசி வாங்கிக் கொடுத்த முட்கள்.

அசல் வன்னியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆனது. விசாரித்ததில், சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு சிறிய கோயிலில் இருக்கிறது என்றார்கள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். கோயிலில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வன்னி மரம் இருக்காமே, எங்க?”

“அதுக்கு முன்னாலதான் நிக்கிறீங்க. மிதிச்சிராதீங்க,” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

குனிந்து பார்த்தேன். மழை படாமல் மேலே ஒரு தகரம், கீழே மணல், நடுவில் முழங்கால் உயரத்துக்கு, சாம்பல் பூத்த பச்சையில், சோனியாக ஒரு குச்சி. இலைகள் சில. பல வருஷமாக அப்படியேதான் இருக்கிறது என்றார். முள்ளைப் பார்த்தேன். கணுவுக்கு நடுவில், கூம்பாக, புத்தகம் சொன்ன இடத்தில் இருந்தது. அந்த உயரத்துச் செடியை யாரும் சுற்றி வர முடியாது. தாண்டத்தான் முடியும். ஆனாலும் அதுதான் வன்னி. கையெடுத்துக் கும்பிட்டேன். மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன், அதனிடம் இல்லாவிட்டாலும் அந்தப் பொதுத் திசையில்.

திரும்பி வரும் வழியெல்லாம் செம்பனை. என் முப்பாட்டன் எந்தக் காய்ந்த மண்ணை விட்டுக் கப்பலேறினாரோ, அந்த மண்ணில் யாரும் விரும்பாத முள்ளை நான் விமானத்தில் ஏற்றி அழைத்து வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அக்காவை நினைத்தபோது நின்றுவிட்டது. மாற்றல் முடிவு வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவருடைய பிடி முழுவதும் அந்தத் தொட்டியில் இருந்தது.

மனைவியிடம் ஒரு யோசனை சொன்னேன். எங்காவது நல்ல வன்னி ஒன்று கிடைத்தால் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடலாம் என்று.

“நீங்க பாத்துட்டு வந்தது முழங்கால் உசரம். இது உங்களவிட உசரம். அக்காவுக்கு முட்டிதான் வலி, கண்ணு நல்லாத் தெரியுது,” என்றாள். பிறகு, “சனிக்கிழம வருவாங்கல்ல, சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்,” என்றாள்.

சொல்லாமல் இருக்கவும் வழியில்லை. செடியில் பூக்கதிர் கிளம்பியிருந்தது. வெளிறிய மஞ்சளில், புட்டி கழுவுகிற பிரஷ் மாதிரி. பூத்தால் காய்க்கும். அந்தக் காய் இனிப்பு. மாடும் ஆடும் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையைப் போட்டுக்கொண்டே போகும். தாமானுக்குப் பின்னால் மலாய்க்கார ஹாஜி ஒருவர் ஆடு வளர்க்கிறார். ஹாஜி ஆட்டுக்கும் அக்காவின் சனீஸ்வரனுக்கும் நடுவில் நான் நின்றேன்.

சனிக்கிழமை அக்கா விளக்கை ஏற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். இது வன்னி இல்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், தமிழ்நாட்டில் இதைக் களை என்று பிடுங்குகிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

அக்கா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு செடியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். செடியைப் பார்த்ததுதான் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

“அப்ப இது என்னா?”

“வேலிக்காத்தான்னு சொல்றாங்கக்கா.”

“வன்னிக்கு ஒறவு ஏதும் உண்டா?”

“உண்டு. ஒரே குடும்பம்தான். பங்காளி முறைன்னு வச்சுக்கலாம்.”

அவர் யோசித்தார். “பங்காளின்னா சொத்துல பங்கு இருக்குமில்ல?”

“இருக்கும்க்கா.”

“அப்பச் சரி. நான் சுத்துனது சனீஸ்வரன. குடுக்கறவரு யாரு எவருன்னு பாத்துக் குடுப்பாரு. ரிசல்ட்டு வர்ற வரைக்கும் வெட்டிராதீங்க தம்பி. பாதியில வுட்டா நல்லாருக்காது.”

விளக்கை ஏற்றிச் சுற்ற ஆரம்பித்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்திருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். சுற்றி முடித்ததும் வழக்கம்போல டப்பாவை நீட்டினார். அன்றைக்கு எள்ளுச் சாதத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய எனக்குத் தைரியமில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் முன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், அன்றைக்குப் புதிதாகக் கிளம்பிய பூக்கதிர்களை ஒவ்வொன்றாக நறுக்கி ஒரு பையில் போட்டுக் கட்டுவேன். ஒன்றுகூடக் காய்க்கக் கூடாது, ஆனால் செடி நிற்க வேண்டும். ஸ்டூலில் ஏறி நான் பூ நறுக்குவதைப் பார்த்த பக்கத்து வீட்டுச் சீனர், அது பூஜைக்கான பூ என்று நினைத்து, தன் வீட்டுச் செம்பருத்தியையும் பறித்துக்கொள்ளச் சொன்னார். மறுக்க முடியவில்லை. அந்த நாட்களில் எங்கள் சாமி படங்களுக்குச் செம்பருத்திக் குறையே இல்லை. கை முழுக்கக் கீறல். வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்.

அந்தச் செடியை நான் உண்மையிலேயே பார்த்தது அப்போதுதான். வன்னி என்று நினைத்திருந்தவரை நான் கும்பிட்டேன், பார்க்கவில்லை. நறுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் இரண்டாகக் கிளம்பும். மழை கொட்டி மற்றத் தொட்டிகளில் எல்லாம் வேர் அழுகினாலும் இது துளிர்க்கும். வெயில் அடித்தால் இன்னும் துளிர்க்கும். யாரும் கேட்காத இடத்தில் வந்து, கொடுத்த விரிசலில் வேர் விட்டு, எதையும் கேட்காமல் வளர்கிற பிறவி. எங்கள் ஆட்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதை அதற்குமேல் நீட்டினால் மேடைப் பேச்சாகிவிடும். இதற்கு முள் வேறு இருக்கிறது.

ஒரு சாயங்காலம் அக்கா கைபேசியோடு வந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. திரையை நீட்டினார். மகள் அனுப்பியிருந்த படம். மாற்றல் கிடைத்திருந்தது.

“மலாக்கா இல்ல லா தம்பி. தங்காக்.”

தங்காக் ஜொகூர் மாநிலம். ஆனால் எங்கள் செலண்டாரிலிருந்து காரில் காபி ஆறுவதற்குள் போய்விடலாம். மகள் அம்மா வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வரலாம்.

“பங்காளிதானேக்கா, எல்லையில கொண்டாந்து விட்டிருக்கு,” என்றேன்.

அக்கா சிரித்தார். பிறகு என் மனைவியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். எதிர்வீடு பூட்டப்படப் போவதில்லை. நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

பிடுங்குகிற அன்று அக்கா சூடம் காட்டினார். பிறகு நான் பாராங்கத்தியை எடுத்தேன். வெட்டினால் மட்டும் போதாது, தண்டும் வேரும் சேருகிற இடத்தில் துளி மிச்சமிருந்தாலும் திரும்பக் கிளம்பிவிடும் என்று எழுதியிருந்தது. தொட்டியை உடைத்து, சிமெண்டைக் கொத்தி, முழங்கை ஆழத்துக்கு மேல் தோண்டினேன். மேலே இருந்ததைப் போல் கீழேயும் ஒரு செடி இருந்தது. கிளினிக்கில் மூன்றாவது ஊசி போடும்போது, என்ன முள் என்று டாக்டர் கேட்டார். கணுவில் ஜோடியாக இருந்தால் இது, நடுவில் தனியாக இருந்தால் அது என்று விளக்கினேன். அவர் ‘தாவர முள்’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

மகள் வந்து சேர்ந்த வாரத்தில் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கேக் லாப்பீஸ் கொண்டு வந்திருந்தாள். அது சரவாக்கிலிருந்து வருகிற எல்லாரும் கொண்டு வருகிற அடுக்கு கேக்தான், ஆனால் அன்றைக்கு எனக்குப் பிரசாதம் போல இருந்தது. அக்கா சமையலறைக்குப் போனதும், அவள் போர்ச்சில் நான் சிமெண்டு பூசி மூடியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இங்கதான் அங்கிள் அந்தச் செடி இருந்துச்சா?”

“ஆமாம்மா,” என்றேன். உன் அம்மா உனக்காக மாதக்கணக்கில் சுற்றிய இடம் என்று சொல்ல, அடக்கமாக ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

“அம்மா போன்ல சொல்வாங்க,” என்றாள் அவள். “பாவம் லா, அந்தத் தம்பி ஏதோ ஒரு முள்ளுச் செடிய ஆசையா வளக்குறாரு, யாரும் வந்து பாக்கறதில்ல, அவரு மனசு கஷ்டப்படக் கூடாதேன்னுதான் நான் வாரா வாரம் போயி சுத்திட்டு வர்றேன்னு.”